காப்பியின் தாயகத்தை இணையத்தில் அறிவது எப்படி? சேலம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு அறிக்கை தயாரிக்கும்படி பள்ளியிலோ கல்லூரியிலோ செயல்திட்டம் கொடுத்தால், பெரும்பாலான மாணவர்கள் நாட்டின் பெயரைத் தேடுபொறியில் தட்டி, முதலில் வருகிற பக்கத்திலிருந்து தலைநகர், நாணயம், மொழி, மக்கள்தொகை, பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று எடுத்து எழுதிவிடுகிறார்கள். அறிக்கை பார்வைக்கு நிறைவாகவே இருக்கும். ஆனால் அதை நம்பி யாராவது உண்மையிலேயே பெட்டி கட்டினால், மழை கொட்டும் மாதத்தில், செல்லாத விலைக் கணக்கோடு, போகக் கூடாத ஊரில் போய் இறங்க நேரிடும். இணையத்தில் கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாளில் எழுதியிருக்கிறார். அந்த ஆளையும் அந்த நாளையும் கண்டுபிடித்த பிறகே தகவலை அறிக்கையில் சேர்ப்பது என்ற ஒரு பழக்கம் வந்துவிட்டால், பதினைந்து வயது மாணவரும் நம்பத்தகுந்த பயணத் திட்டம் ஒன்றை எழுதிவிட முடியும்.

அந்தப் பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொள்வது என்பதை ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன். சேலத்துக்காரர்களுக்கு எத்தியோப்பியா பொருத்தமான நாடு. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இன்று ஏற்காட்டில் மலைச்சரிவெங்கும் நிற்கும் அராபிகா செடியின் பூர்வீகம் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். நம் மலையில் கண்ணால் பார்த்த ஒரு பயிரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது, என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரியவரும்.

கேள்விகளை முதலில் எழுதுங்கள்

தேடுபொறியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஐந்தாறு கேள்விகளை முழு வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள். 'எத்தியோப்பியா சுற்றுலா' என்பது தலைப்பு மட்டுமே. 'காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அங்கே போக வேண்டுமானால் எந்த மாதம் புறப்பட வேண்டும்?', 'ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காப்பி வளர்கிறது. அங்கே எந்த மரத்தின் நிழலில் வளர்கிறது?', 'எஸ்டேட் முதலாளிகள் பயிரிடுகிறார்களா, வீட்டுக்கு வீடு சிறு விவசாயிகளா?', 'சைவம் சாப்பிடுபவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?' என்பவைதாம் கேள்விகள். இப்படிக் கேட்டால் விடையும் குறிப்பாகக் கிடைக்கும். கடைசிக் கேள்வியையே பாருங்கள்: எத்தியோப்பிய மரபுவழிக் கிறித்தவர்கள் ஆண்டின் பல நாள்களிலும், வழக்கமாகப் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் இறைச்சி, பால், முட்டை தவிர்த்து நோன்பிருப்பதால், தெஃப் என்ற சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா என்ற அப்பத்தோடு பருப்பு, காய்கறிக் குழம்புகள் அந்நாள்களில் உணவகங்களில் எளிதாகக் கிடைக்கின்றன. பொதுவான 'பத்து இடங்கள்' பட்டியலில் இந்த விவரத்தைப் பார்ப்பது அரிது.

அதே தாளிலோ, கணினியில் ஒரு விரிதாளிலோ நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: தகவல், அதைச் சொன்னவர், அது எழுதப்பட்ட நாள், நீங்கள் பார்த்த நாள். மூன்றாம் பத்தியை நிரப்புவதுதான் கடினம், அதுதான் முக்கியமும்கூட. நாள் குறிப்பிடாத பக்கத்தில் கிடைத்த விலை, விசா விதி, பேருந்து நேரம் எதையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

கலைக்களஞ்சியத்தில் தொடங்குவதில் தவறில்லை. விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பையும் தமிழ்ப் பதிப்பையும் அடுத்தடுத்துத் திறந்து, மக்கள்தொகை வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு உலக வங்கியின் தரவுப் பக்கத்தையும் எத்தியோப்பியப் புள்ளிவிவரத் துறையின் மதிப்பீட்டையும் பாருங்கள். ஓர் இடத்தில் 13 கோடிக்கு மேல் என்றிருக்கும், இன்னோர் இடத்தில் ஏறத்தாழ 11 கோடி என்றிருக்கும், பழைய கட்டுரை ஒன்றில் 7.4 கோடி என்றும் இருக்கலாம். மாணவர்கள் இந்த இடத்தில் குழம்பி, நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்வதுண்டு. அப்படிச் செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் இந்த வேறுபாட்டுக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அந்நாட்டில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2007இல். அப்போதைய எண்ணிக்கை சுமார் 7.37 கோடி. அதற்கடுத்த கணக்கெடுப்பு பலமுறை தள்ளிப்போடப்பட்டது. ஆகவே அதன்பின் வந்த எண்கள் எல்லாம், பிறப்பு விகிதம் இப்படி இருக்கும், இறப்பு விகிதம் இப்படி இருக்கும் என்ற கணிப்பின் மேல் கட்டப்பட்ட மதிப்பீடுகள். ஐக்கிய நாடுகள் அவை ஒருவிதமாகக் கணிக்கிறது, அந்நாட்டுத் துறை வேறுவிதமாகக் கணிக்கிறது. அறிக்கையில் இரண்டையும் யாருடைய மதிப்பீடு என்று குறித்து எழுதி, கடைசிக் கணக்கெடுப்பின் ஆண்டையும் சேர்த்துவிட்டால் அந்த ஒரு பகுதியே உங்கள் உழைப்பைக் காட்டிவிடும்.

இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறதே என்று கண்டால் சோர்ந்துவிடாதீர்கள் என்பதைத்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். முரண்பாடு தென்படும் இடத்தில்தான் அந்த நாட்டைப் பற்றி உண்மையாகவே ஏதோ ஒன்று தெரியவருகிறது.

ஆண்டையும் மணியையும் மாற்றிப் படிக்க வேண்டிய நாடு

எத்தியோப்பியாவைப் பொறுத்தவரை 'எழுதப்பட்ட நாள்' என்ற பத்தியில் ஒரு தனிக் கவனம் வேண்டும். அங்கே நடைமுறையில் உள்ள நாட்காட்டிக்குப் பதின்மூன்று மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது முப்பது நாள்கள். பாகுமே என்ற பதின்மூன்றாம் மாதத்துக்கு ஐந்து நாள்கள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு. புத்தாண்டு செப்டம்பர் 11இலோ 12இலோ பிறக்கிறது. ஆண்டெண் நம்முடைய ஆங்கில ஆண்டுக்கு ஏழோ எட்டோ குறைவாக இருக்கும். ஆகவே எத்தியோப்பிய அமைச்சகம் ஒன்றின் ஆவணத்தில் 2016 என்று கண்டால் அது பழைய ஆவணம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது 2023 செப்டம்பர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான காலத்தைக் குறிப்பதாக இருக்கலாம். அந்நாட்டின் நிதியாண்டும் ஜூலை 8இல் தொடங்குவதால், ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களை நம் ஏப்ரல்–மார்ச் கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது. எந்த நாட்காட்டி என்பதை அடைப்புக்குறிக்குள் உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கும் அப்படியே. அந்நாட்டின் முக்கிய மொழிகளில் ஒன்றான அம்ஹாரிக் பேசும் மக்கள் அன்றாடப் பேச்சில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி, நம் 8 மணி அவர்களுக்கு 2 மணி. உதயாதி நாழிகை என்று பஞ்சாங்கத்தில் பார்த்துப் பழகிய வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இந்த முறை ஏன் இயல்பானது என்று அவர்களே விளக்கிவிடுவார்கள். பயணத் திட்டம் எழுதுபவருக்கு இதன் பொருள் மிகவும் நடைமுறையானது: உள்ளூர்ப் பேருந்து '2 மணிக்குப் புறப்படும்' என்று ஒரு பயணி எழுதியிருந்தால், அவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று தெரியாமல் உங்கள் கால அட்டவணையில் அதைச் சேர்க்க முடியாது. விமான நேரங்கள் உலக வழக்கப்படியே தரப்படுகின்றன. இந்திய நேரத்துக்கு எத்தியோப்பிய நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நடந்து பாருங்கள்

கூகுள் எர்த்தைத் திறந்ததும் நேராக ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிடாதீர்கள். முதலில் ஏற்காட்டில் உங்களுக்குத் தெரிந்த ஒரு காப்பித் தோட்டத்தை மேலிருந்து பாருங்கள். காப்பிச் செடி கண்ணுக்குத் தெரியாது. சில்வர் ஓக் மரங்களின் உச்சி நெருக்கமான புள்ளிகளாகத் தெரியும். அவற்றுக்கிடையே மண்பாதை வளைந்து போகும். பழம் உலர்த்தும் களம் மட்டும் வெளிர்நிறச் சதுரமாகப் பளிச்சென்று தெரியும். நிழலில் வளரும் காப்பி வானத்திலிருந்து பார்த்தால் காடுபோலத்தான் இருக்கும் என்பதை உங்களுக்குத் தெரிந்த இடத்திலேயே கண்டுகொண்ட பிறகு, எத்தியோப்பியாவின் தெற்கே கெதியோ பகுதிக்குப் போங்கள். உலகெங்கும் பெயர்பெற்ற யிர்காசெஃபே காப்பி விளைவது அங்கேதான். செங்குத்தான சரிவுகளில் அடர்ந்த பச்சை தெரியும், ஆனால் அதற்குள்ளேயே சின்னச் சின்னக் கூரைகளும் நெருக்கமாகத் தெரியும். மரமும் பயிரும் வீடும் கலந்த அந்தத் தோற்றமே, பயிரிடுபவர்கள் யார் என்ற உங்கள் கேள்விக்கு முதல் துப்பு.

அந்தத் துப்பை உறுதிப்படுத்த யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போக வேண்டும். கெதியோ பண்பாட்டு நிலவெளி 2023இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெரும்பாலோர் அந்தப் பக்கத்தின் மேலே உள்ள சுருக்கத்தைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே பக்கத்தில் 'ஆவணங்கள்' என்ற பகுதியைத் திறந்தால், அந்நாடு சமர்ப்பித்த நீண்ட விண்ணப்ப நூலும், வல்லுநர் குழுவின் மதிப்பீட்டு அறிக்கையும், எல்லை வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய மரங்கள் மேலே, அவற்றின் கீழே வாழையைப் போன்ற தோற்றமுடைய என்செட், அதற்கும் கீழே காப்பி என்று அடுக்கடுக்காகப் பயிர் செய்யும் முறை அங்கே விளக்கப்பட்டிருக்கிறது. என்செட்டில் உண்ணப்படுவது பழமன்று. அதன் தண்டையும் கிழங்கையும் பதப்படுத்தி முதன்மை உணவாக்குகிறார்கள். மலைமுகடுகளில் நிற்கும் பெருங்கற்களைப் பற்றியும், சடங்குகளுக்காகப் பாதுகாக்கப்படும் காடுகளைப் பற்றியும் படிக்கும்போது, சேர்வராயன் கோயிலும் கோயில்காடுகளும் உங்கள் நினைவுக்கு வந்தால் அந்த எண்ணத்தையும் குறிப்பில் எழுதுங்கள். ஆனால் இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வரைபடத்தில் உயரத்தையும் பார்ப்பது பயனுள்ளது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர்; எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவோ 2,300 மீட்டருக்கும் மேல், அதாவது ஊட்டியைவிடவும் உயரம். ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று எழுதும் மாணவர்கள், இந்த ஓர் எண்ணைப் பார்த்ததும் பயணப் பொருள்களின் பட்டியலில் ஸ்வெட்டரைச் சேர்த்துவிடுவார்கள்.

மழைக் கணக்கையும் இதே இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெரும்பகுதியில் முக்கிய மழைக்காலமான கிரெம்த் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பெல்க் என்னும் சிறுமழை பிப்ரவரி முதல் மே வரை. காப்பிப் பழம் பறிப்பு பகுதிக்குப் பகுதி மாறினாலும் பொதுவாக அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நடக்கிறது. எனவே நம் கோடை விடுமுறையில் போனால் பறிப்பைப் பார்க்க முடியாது; அரையாண்டு விடுமுறையை ஒட்டித் திட்டமிட்டால் பார்க்கலாம். பொங்கலுக்குப் பிறகும் அங்கே தங்குவதாகத் திட்டமிட்டால், வழக்கமாக ஜனவரி 19இல் வரும், இயேசுவின் திருமுழுக்கை நினைவுகூரும் திம்கத் திருவிழாவும் கிடைக்கும்.

கதையையும் வரலாற்றையும் பிரித்து எழுதுங்கள்

எத்தியோப்பியக் காப்பியைப் பற்றித் தேடினால், கால்டி என்ற ஆட்டிடையன் தன் ஆடுகள் சிவந்த பழத்தைத் தின்று துள்ளிக் குதித்ததைக் கண்டு காப்பியைக் கண்டுபிடித்தான் என்ற கதை பக்கத்துக்குப் பக்கம் வரும். சில பக்கங்கள் கி.பி. 850 என்று ஆண்டும் போட்டிருக்கும். இத்தனை பேர் சொல்வதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒருவர் எழுதியதை நூறு பேர் படியெடுத்தால் அது நூறு சான்றாகிவிடாது. கதையைப் பின்னோக்கித் துரத்திக்கொண்டே போனால், 1671இல் ரோம் நகரில் நைரோன் என்ற அறிஞர் லத்தீனில் வெளியிட்ட காப்பி பற்றிய சிறுநூலில் போய் நிற்கும். அந்நூலில் கால்டி என்ற பெயரே கிடையாது. இடம் எத்தியோப்பியாவும் இல்லை, ஏமன். மேய்த்தவை ஒட்டகங்கள் என்றும், சிலர் ஆடுகள் என்று சொல்வதாகவும் அவர் எழுதுகிறார். பெயரும் ஊரும் பின்னாளில் ஒட்டிக்கொண்டவை. கதையை அறிக்கையில் தாராளமாகச் சொல்லுங்கள், அழகான கதைதான். ஆனால் கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டு வாங்கும் விடைகளுக்கும் இதே விதியைக் கடைப்பிடியுங்கள்: அவை எங்கிருந்து எடுத்தன என்று கேட்டு, அந்த இடத்தை நீங்களே திறந்து படிக்காத வரை அவை உங்கள் அட்டவணையில் ஏறக்கூடாது.

பெயர் மாறிய ஊர்கள், எல்லை மாறிய மாநிலங்கள்

சேர்வராயன் மலைக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துமுறைகள் இருப்பதால், ஒன்றை மட்டும் தட்டிப் பார்த்தால் பாதித் தகவல் கிடைக்காமல் போகும். எத்தியோப்பிய ஊர்ப்பெயர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அடாமாவும் நாஸ்ரெத்தும் ஒரே ஊர். பிஷோஃப்துவும் தெப்ரே செய்த்தும் ஒரே ஊர். ஊரின் மாற்றுப் பெயர்களை முதலிலேயே திரட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். அம்ஹாரிக் எழுத்தில் உள்ள பெயரை விக்கிப்பீடியாவிலிருந்து படியெடுத்துத் தேடுபொறியில் இட்டு, வரும் பக்கங்களை மொழிபெயர்ப்புக் கருவியில் படிப்பதும் பலன் தரும்.

மாநில எல்லைகளும் அண்மையில் மாறியுள்ளன. 2020இல் சிதாமாவும் 2021இல் தென்மேற்கு எத்தியோப்பியாவும் தனி மாநிலங்களாயின; 2023இல் பழைய தென்மாநிலத்தில் எஞ்சியிருந்தது தெற்கு எத்தியோப்பியா, மத்திய எத்தியோப்பியா என்று பிரிந்தது. ஒன்பது மாநிலங்களைக் காட்டும் வரைபடம் உங்களுக்குக் கிடைத்தால் அது காலாவதியானது. இப்போது பன்னிரண்டு மாநிலங்களும், அடிஸ் அபாபா, திரே தாவா என்ற இரண்டு நகர நிர்வாகங்களும் உள்ளன.

பாதுகாப்பு, விசா, தடுப்பூசி, பணம்

இந்தப் பகுதியில் பயணிகளின் வலைப்பூக்களுக்கு இடமில்லை. அரசுகளின் பக்கங்களை மட்டும் பாருங்கள். லாலிபெலாவின் பாறைக் குடைவுத் தேவாலயங்கள் பதினொன்றும் 1978 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். எந்தப் பட்டியலிலும் முதலிடம் அவற்றுக்குத்தான். ஆனால் அந்த ஊர் இருப்பது அம்ஹாரா மாநிலத்தில். அங்கே 2023 ஆகஸ்டில் மோதல் முற்றி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 2020 நவம்பரிலிருந்து 2022 நவம்பர் வரை வடக்கே திக்ராய் மாநிலத்தில் போர் நடந்தது. இந்திய வெளியுறவு அமைச்சகமும் அடிஸ் அபாபாவிலுள்ள இந்தியத் தூதரகமும் வெளியிடும் அறிவிப்புகளோடு, பிரிட்டன் அரசின் பயண ஆலோசனைப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்கிறது. அறிக்கையை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் இதை மறுபடியும் பார்க்க வேண்டும். உள்நாட்டுச் செய்திகளுக்கு அரசு நாளிதழான எத்தியோப்பியன் ஹெரால்டையும், தனியார் இதழ்களான ரிப்போர்ட்டர், அடிஸ் ஃபார்ச்சூன் ஆகியவற்றையும் ஒரே நிகழ்வுக்காக அடுத்தடுத்துப் படித்தால், ஒன்று விட்டதை மற்றொன்று சொல்லும்.

இ-விசாவுக்கு அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளம் ஒன்றே போதும். அதைப்போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வரக்கூடும் என்பதால், முகவரியின் இறுதியில் அரசுக்கும் நாட்டுக்கும் உரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மாணவர் அறிக்கைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்தியா வகுத்துள்ள பட்டியலில் எத்தியோப்பியா இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் திரும்புபவர்களை விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். சேலத்திலிருந்து போகிறவர் கிண்டி கிங் நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போய்வரும் சென்னைப் பயணத்தையும் செலவிலும் நாள்கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

செலவுக் கணக்கில் பிர் என்னும் நாணயத்தைக் கவனமாகக் கையாளுங்கள். 2024 ஜூலை இறுதியில் அந்நாடு நாணய மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 57 பிர் அளவில் இருந்த மதிப்பு, சில வாரங்களிலேயே 100 பிர்ரைத் தாண்டியது. அதற்கு முன் எழுதப்பட்ட விடுதி வாடகை, உணவு விலை எதையும் இன்றைய விகிதத்தில் ரூபாயாக மாற்றினால் தவறான தொகை வரும். எழுதப்பட்ட நாளின் விகிதத்தில் மாற்றுங்கள், அல்லது புதிய விலையைத் தேடுங்கள்.

எழுதும்போது

படங்களை விக்கிமீடியா காமன்ஸில் தேடி, படத்தின் கீழே உள்ள உரிமக் குறிப்பைப் படித்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள். இணையத்தில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று மிஞ்சினால், புதுதில்லியிலுள்ள எத்தியோப்பியத் தூதரகத்துக்கு ஆசிரியரின் அனுமதியோடு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள் என்று மூன்று வரிகளில் சொல்லி, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அறிக்கை முடிந்ததும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, பயணத் திட்டத்தில் ஒரு நாளை மட்டும் அவரே இணையத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அன்று அந்த ஊரில் விழாவோ விடுமுறையோ உண்டா, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மலைப்பாதையில் நீங்கள் எழுதிய நேரத்தில் போய்ச் சேர முடியுமா, குறித்த மணி எந்தக் கணக்கில் உள்ளது, விலை எந்த ஆண்டுக்குரியது என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் நான்கு பத்தி அட்டவணையிலிருந்து விடை எடுத்துக் காட்ட முடிந்தால், அறிக்கையை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம்.